மண்டைக்குள் சிப்பும் நெற்றிப் பட்டையும்

மதிப்பிற்குரிய ஐயா,

மூளையில் சிப் பொருத்திக்கொண்ட ஒருவர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடும் காணொளியைப் பார்த்தேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நாளைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சிப் வைத்துக்கொண்டு என்னைவிடப் பத்து மடங்கு வேகமாக வேலை செய்தால், நானும் மண்டையைத் திறந்துகொள்ள வேண்டியதுதானா? இல்லையென்றால் வேலை போய்விடுமா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் பார்த்தவர் நோலண்ட் ஆர்பாவாக இருக்கும். விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்தவர். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் அவருக்குப் பொருத்திய கருவியில் 64 மெல்லிய இழைகளும் அவற்றில் 1024 மின்முனைகளும் இருந்தன. சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட, மென்பொருளைத் திருத்தித்தான் சமாளித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 2004இல், மேத்யூ நேகல் என்பவர் இப்படியொரு கருவியால் திரையில் அம்புக்குறியை நகர்த்தினார். அவரும் கைகால் இயங்காதவர். இவர்களுக்கு இது இழந்த கை திரும்பக் கிடைப்பது போன்ற விஷயம். பத்து விரலும் நன்றாக இருக்கும் உங்களுக்கு இதனால் இன்றைக்கு ஆதாயம் ஏதுமில்லை. நிரல் எழுதும்போது தாமதமாவது விரல்களா, யோசனையா என்று உங்களுக்கே தெரியும்.

என்னுடைய கவலை, நெற்றியில் மாட்டிக்கொண்டால் மூளை அலைகளை அளக்கும் பட்டையைப் பற்றியது. அதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம். மனித மூளை அலைகளைப் பதிவதை ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924லேயே தொடங்கிவிட்டார். ஆஸ்திரேலியாவில் உருவான ஸ்மார்ட்கேப், சுரங்க லாரி ஓட்டுநரின் தொப்பிக்குள் இருந்துகொண்டு அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று பார்க்கிறது. நூற்றுக்கணக்கான டன் சுமக்கும் வண்டியில் கண் அசந்தால் உயிர் போகும். அங்கே அது இருக்கட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

அதே பட்டை உங்கள் மேசைக்கு வந்து ‘கவனத்தை’ அளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். சிடுக்கான பிழை ஒன்றைப் பிடிக்க நீங்கள் கண்ணை மூடி யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடினாலே, ஓய்வின்போது பெருகும் ஆல்பா என்ற மூளை அலைகள் ஏறும், இதையும் பெர்கர் அன்றே கண்டார். ஆள் ஓய்வாக இருக்கிறார் என்று கருவி குறித்துக்கொள்ளலாம். பல்லைக் கடித்தால், கண் சிமிட்டினால் எழும் மின்துடிப்பு மூளையின் சமிக்ஞையைவிடப் பெரிது. இந்தக் குழப்பத்திலிருந்து பிழிந்தெடுத்த ஓர் எண் உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானித்தால், யாரிடம் போய் வாதாடுவீர்கள்? போதாக்குறைக்கு, வலிப்பு நோயின் அடையாளமும் அந்தப் பதிவில் தெரியக்கூடும். வீட்டாருக்கே சொல்லாத ஒன்று மனிதவளத் துறையின் கையில் இருக்கும்.

“விருப்பமுள்ளவர்கள் அணியலாம்” என்பார்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவர் மேலாளரிடம் விருப்பமில்லை என்று சொல்லிவிட முடியுமா? அதனால் சம்மதம் வாங்கச் சொல்லும் சட்டம் போதாது, கேட்பதையே தடுக்கும் சட்டம் வேண்டும் என்கிறேன். இதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1988இல் வந்த சட்டம், பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் ஊழியரைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படச் சொல்வதையே தடை செய்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஊழியரிடம் வேலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஊழியரின் உணர்ச்சியை ஊகிப்பதைத் தடுத்திருக்கிறது. சிலி 2021இல் மூளைத் தகவலுக்கான பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. ஆனால் 2024இல் மூளைத் தரவைப் பாதுகாக்க முன்வந்த அமெரிக்க மாநிலமான கொலராடோவின் சட்டம் நுகர்வோருக்கானது, ஊழியராக இருக்கும்போது அது உங்களைக் காப்பதில்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகப் படுகிறது. ஒருவர் மிகவும் பலவீனமாக நிற்கும் இடம் வேலைதான் அல்லவா?

ஆகவே மண்டையைத் திறப்பது பற்றி இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரோக்கியத் திட்டம், மன அழுத்தக் குறைப்பு என்ற பெயரில் இலவசமாக ஒரு பட்டை வந்தால் மட்டும் உடனே மாட்டிக்கொள்ள வேண்டாம். மூலப் பதிவு எங்கே போகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேலையை விட்டால் அழிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இன்றைக்கு அந்தப் பதிவிலிருந்து படிக்க முடியாததை, பத்து ஆண்டு கழித்து வரும் மென்பொருள் படித்துவிடலாம். தனியாகக் கேட்டால் உங்கள்மேல் கண் விழும். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாக, இல்லையென்றால் குழுவில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுக் கேளுங்கள்.