கதிர்வீச்சுக்குப் பிறகு எது நல்லது?

தோழி, புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்து கதிர்வீச்சும் முடிந்தபின், மார்பை மறுபடி உருவாக்க சிலிகான் வைக்கலாமா, சிசேரியன் ஆன வயிற்றிலிருந்து சதை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கதிர்வீச்சு பட்ட இடத்தில் சிலிகானைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இறுகிப்போய் வலி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் சொந்தச் சதைதான் மேல் என்பேன். அடிவயிற்றில் குறுக்கே போட்ட சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையில்லை. ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். தசையை விட்டுவிட்டு தோலும் கொழுப்பும் மட்டும் எடுக்கும் முறை உண்டு. குடியாத்தத்திலிருந்து வேலூர் சிஎம்சி பக்கம்தானே, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். குடம் தூக்குகிற உங்களுக்கு வயிற்றுத் தசை முக்கியம்.

மறுபக்க மார்பைச் சிறிதாக்கிச் சமப்படுத்துவது பிறகு. "இந்த வயசில் எதுக்கு" என்ற நாத்தனார் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட தோல் ஆற பல மாதம் விட்டுத்தான் அறுவை சிகிச்சை செய்வார்கள், அதுவரை உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பு போதும்.