பட்ச் அனுப்பிப்போட்டு பதிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கிற தங்கச்சிக்கு

புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா, வவுனியா கம்பஸில படிக்கிறாவாம். ஓபன்பிஎஸ்டி எண்ட இலவச ஒப்பரேற்றிங் சிஸ்டத்தில ஒரு சின்ன நெட்வேர்க் டூல், அதில கமாண்டோட குடுக்கிற நம்பரை செக் பண்ணாமல் எடுக்கிற இடம் ஒண்டைக் கண்டு, திருத்தி, அந்தத் திருத்தத்தை (பட்ச்) அவையின்ர டெவலப்பர் மெயில் லிஸ்ற்றுக்கு அனுப்பியிருக்கிறா. மூண்டு கிழமையாச்சு. ஒரே ஒராள் மட்டும் "டாப் எல்லாம் பழுதாப் போச்சு, அதோட இது ஏன் தேவை" எண்டு ரெண்டே வரியில பதில் போட்டாராம் (டாப் எண்டால் கோட் வரி தொடங்கமுதல் விடுற இடைவெளி எழுத்து), பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. என்ர இங்கிலீஷ் சரியில்லாததாலயோ, பேர் தெரியாத ஆள் எண்டதாலயோ, இதோட விடவோ எண்டு கேக்கிறா. டிஃப்பையும் (பழைய கோட்டில எது மாறினதெண்டு காட்டுற ஃபைல்) எனக்கு அனுப்பியிருந்தா, நான் முழுக்கப் பாத்தனான்.

விடாதேங்கோ தங்கச்சி. அந்த ரெண்டு வரிப் பதில்தான் உங்களுக்குக் கிடைச்ச றிவியூ, நல்ல றிவியூ. ஒராள் உங்கட டிஃப்பை எடுத்து தன்ர மெஷின்ல போட்டுப் பாக்க வெளிக்கிட்டிருக்கிறார், அது ஏறேல்லை, ஏன் ஏறேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். விருப்பம் இல்லாத ஆக்கள் அதைக்கூடச் செய்யமாட்டினம்.

முதல்ல அங்க விசயம் எப்பிடி நடக்குதெண்டு சொல்லுறன். ஓபன்பிஎஸ்டி 1995ல தியோ டி ராட் நெட்பிஎஸ்டி எண்ட இன்னொரு சிஸ்டத்தில இருந்து பிரிச்சுத் தொடங்கினது, இண்டைக்கும் சோர்ஸ் எல்லாம் சிவிஎஸ் எண்ட பழைய கோட் சேமிப்பு முறையிலதான் கிடக்குது, கிட்ஹப்ல இருக்கிறது வாசிக்கிறதுக்கான கொப்பி மட்டும், அதில புல் றிக்குவெஸ்ற் (திருத்தத்தைச் சேக்கச்சொல்லி வெப்ல கேக்கிறது) போட்டால் வேலைக்காகாது. டிஃப்பை மெயிலுக்குள்ளயே போட்டு அனுப்பவேணும். இதை நீர் பாரும் அதை நீர் பாரும் எண்டு ஒருத்தருக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கிறேல்லை. அந்தப் பகுதி தெரிஞ்ச ஒரு டெவலப்பர் மெயிலைக் கண்டு, வாசிச்சு, பிடிச்சால் இன்னொரு டெவலப்பரிட்டக் காட்டி "ஓகே" வாங்கி, தானே கொமிற் பண்ணுவார் (சோர்ஸுக்குள்ள சேப்பார்), கொமிற் மெசேஜிலயும் ஆர் ஓகே சொன்னதெண்டு இருக்கும். கொமிற் பண்ணின ஆள்தான் பிறகு அதுக்குப் பொறுப்பு. நாளைக்கு அது உடைஞ்சால் எல்லாரும் அவரைத்தான் கேப்பினம், உங்களை இல்லை. அதால தனக்கு முழுக்க விளங்காத டிஃப்பில கை வைக்கப் பயப்பிடுவார், அது நியாயமும்தானே. ஆக்களில கனபேர் சம்பள வேலை முடிச்சு வந்து இரவில இதைச் செய்யிற ஆக்கள். உங்கட டிஃப்பை வாசிக்கிறதுக்கு அவையளுக்குக் கிடைக்கிறது பத்து நிமிசமெண்டால், அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள முடிவெடுக்கக்கூடிய மாதிரி நாங்கள் குடுக்கவேணும், மற்றதெல்லாம் பிறகு.

இப்ப டாப் விசயம். நீங்கள் ஜிமெயிலை பிரவுசர்ல திறந்து டிஃப்பை பேஸ்ற் பண்ணியிருக்கிறியள். ஜிமெயில் வெப்ல டாப் எல்லாம் ஸ்பேஸா மாறிப்போகும், நீட்டு வரியையும் தானா உடைச்சுவிடும். எங்கட கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனா பட்ச் கமாண்டுக்கு அது வேற ஃபைல், உடன றிஜெக்ட் பண்ணிப்போடும். மட் எண்ட மெயில் புரோகிராமைப் பழகுங்கோ, இல்லாட்டி தண்டர்பேர்டில பிளெயின் டெக்ஸ்ற் வச்சு வரி உடைக்கிறதையும் நிப்பாட்டிப்போட்டு அனுப்புங்கோ. லிஸ்ற்றுக்கு அனுப்பமுதல் உங்களுக்கு நீங்களே அனுப்பி, வந்த மெயிலை சேவ் பண்ணி, கை வைக்காத சோர்ஸில பட்ச் கமாண்டால ஏத்திப் பாருங்கோ. ஏறினால்தான் லிஸ்ற்றுக்கு. இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கோ, ஒருக்கா செய்து சரிவந்தது எண்டு விடாதேங்கோ.

அடுத்தது, நீங்கள் அந்த ஃபைல்ல பழைய ஆக்கள் விட்ட ஸ்பேஸ் பிழையளையும் சேத்துத் திருத்தியிருக்கிறியள். நல்ல மனசுதான், ஆனா உண்மையான மாற்றம் நாலைஞ்சு வரி, மிச்சம் முழுக்க வெறும் இடைவெளி, றிவியூ பண்ணுறவர் எது எதெண்டு தேடவேண்டிக் கிடக்குது. ஒரு டிஃப்பில ஒரு விசயம். ஸ்ரைல் எப்பிடி இருக்கவேணுமெண்டு ஸ்ரைல் எண்ட மான் பேஜ் (சிஸ்டத்தோட வாற உதவிக் கையேடு), 9ஆம் செக்ஷன்ல இருக்கு (டாப் எண்டால் 8 எழுத்து, வரி 80 கொலத்துக்குள்ள), நீங்கள் புதுசா எழுதுற வரி அதுக்குச் சரியா இருந்தால் காணும்.

இனித்தான் முக்கியமான இடம், இதை ஆறுதலா வாசியுங்கோ, ஏனெண்டால் டாப்பைச் சரிப்பண்ணி திருப்பி அனுப்பினாலும் உங்கட டிஃப் இப்ப இருக்கிற மாதிரியே போனால் ஓகே கிடைக்காது. பழைய கோட்ல ஸ்டர்டுஎல் எண்ட, எழுத்தில வாறதை நம்பராக்கிற ஃபங்ஷன் கிடந்தது, பேஸ் (எண்ணின்ர அடி) எண்ட இடத்தில பூச்சியம். நீங்கள் அதைத் தூக்கிப்போட்டு ஸ்டர்டுநம் போட்டிருக்கிறியள். யோசனை சரி, ஓபன்பிஎஸ்டி ஆக்கள் விரும்புறதும் அதைத்தான், குறைஞ்சது இவ்வளவு கூடினது இவ்வளவு எண்டு குடுத்தால் அதுவே செக் பண்ணி, பிழையெண்டால் சின்னனா, பெருசா, நம்பரே இல்லையா எண்டு சொல்லும். ஆனா பேஸ் பூச்சியம் எண்டால் என்ன நடக்கும் தெரியுமோ, 0எக்ஸ்10 எண்டு குடுத்தால் ஹெக்ஸா (16 அடி எண்) எடுத்து 16 ஆக்கும், 010 எண்டு குடுத்தால் ஒக்டலா (8 அடி எண்) எடுத்து 8 ஆக்கும். ஸ்டர்டுநம் டெசிமல் (வழமையான 10 அடி எண்) மட்டும்தான் எடுக்கும். அப்ப உங்கட பட்ச்சுக்குப் பிறகு 0எக்ஸ்10 குடுத்த ஆளுக்கு எரர் வரும், பரவாயில்லை, அவருக்குத் தெரியவரும். 010 குடுத்த ஆளுக்கு எரர் வராது, சத்தமில்லாமல் 8 இருந்த இடத்தில 10 ஆகும். எங்கயோ ஒரு சேர்வரில பத்து வருசத்துக்கு முதல் எழுதின ஸ்கிரிப்ட் ஒண்டு வேற மாதிரி ஓடத் தொடங்கும், ஒருத்தருக்கும் ஏனெண்டு விளங்காது. றிவியூ பண்ணுற ஆள் தேடுறது இப்பிடியான இடத்தைத்தான். இதுக்காக மாத்தக்கூடாதெண்டு நான் சொல்லேல்லை, மாத்தலாம், ஆனா மாறுதெண்டு உங்களுக்குத் தெரியும் எண்டதை மெயில்ல நீங்களே சொல்லவேணும், மான் பேஜில ஹெக்ஸ் குடுக்கலாமெண்டு எழுதிக்கிடந்தால் பழைய மாதிரியே விட்டு எரர் செக்கை மட்டும் சேக்கிறதுதான் சரி.

இரண்டாவது, நீங்கள் உச்ச எல்லையா லோங் லோங் எண்ட பெரிய எண் வகையின்ர ஆகப்பெரிய நம்பரைக் குடுத்திருக்கிறியள், வாற விடையைப் போட்டு வைக்கிறது இன்ட் எண்ட சின்ன எண் வகையில. இன்ட் கொள்ளுறது 2147483647 மட்டும்தான். ஆராவது 4294967297 எண்டு குடுத்தால் ஸ்டர்டுநம் ஓம் சரியெண்டு விடும், இன்ட்டுக்குள்ள போய் விழேக்க மேல்பக்கம் வெட்டுப்பட்டு 1 ஆகிடும். செக் பண்ணுறதுக்கெண்டு போட்ட பட்ச்சே செக் பண்ணாமல் விட்டது மாதிரி ஆகிப்போகும். எல்லையை இன்ட்மக்ஸ் (இன்ட் கொள்ளுற ஆகப்பெரிய நம்பர்) எண்டு வையுங்கோ, கீழ் எல்லை பூச்சியமோ ஒண்டோ எண்டதையும் கோட் முழுக்க வாசிச்சுப்போட்டு முடிவெடுங்கோ, ஏனெண்டால் சில டூலில பூச்சியம் எண்டால் "நிப்பாட்டாமல் ஓடு" எண்டு கருத்து.

ஒரு இடத்தில பிழை கண்டால் அதே பிழை வேற எங்க கிடக்குதெண்டும் பாக்கிறது அவையளின்ர பழக்கம். எங்கட பக்கம் குளக்கட்டில ஒரு நண்டுத் துளை கண்டால் கட்டு முழுக்க நடந்து பாக்கிறதுதானே, அப்பிடி. ஒரே டிறெக்டரிக்குள்ள கிரெப் எண்ட தேடுற கமாண்டைப் போட்டுப் பாருங்கோ, இன்னும் ரெண்டு ஒப்ஷன் இதே மாதிரி நம்பர் வாங்குதெண்டால் அதையும் சேத்துத் திருத்தலாம், அது ஒரே விசயம்தான், முதல் சொன்னதுக்கு மாறில்லை. ஆனா சோர்ஸ் மரம் முழுக்க ஒரே நாளில மாத்தி ஒரு பெரிய டிஃப் அனுப்பாதேங்கோ, ஆரும் வாசிக்க மாட்டினம்.

"ஏன் தேவை" எண்டு கேட்டதை கோவமா எடுத்திட்டியள் போல. அவர் உண்மையாவே கேக்கிறார். உங்கட மெயில்ல "ஸ்டர்டுநம் பாவிச்சிருக்கு" எண்டு மட்டும் இருந்தது, அதை அவர் டிஃப்பிலயே பாக்கிறார். அவருக்குத் தேவை மற்றது: இப்ப இப்பிடிக் குடுத்தால் இப்பிடி நடக்குது, நடக்கவேண்டியது இது, நான் இதை இதைக் குடுத்துப் பாத்தனான். மூண்டு நாலு சின்ன வசனம். அதுக்கு உங்கட இங்கிலீஷ் தாராளமாக் காணும், அந்த லிஸ்ற்ல எழுதுறவையில இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத ஆக்கள் நிறைய. பதில் எழுதேக்க அவர் கேட்ட ஒவ்வொரு வரிக்கும் கீழ உங்கட பதிலைப் போடுங்கோ, மேல ஒரு பெரிய பந்தியா எழுதாதேங்கோ. "நோ" எண்டு ஒரு சொல்லோட பதில் வந்தாலும் அதுக்குள்ள காரணம் இருக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ, மற்றதை மனசில வச்சிருக்கத் தேவையில்லை.

டெஸ்ற் பண்ணுற விசயத்தில எங்கட பக்கத்துக்கு சில கஸ்ரம் இருக்கு. டிஃப் எப்பவும் கரன்ற் எண்ட புது சோர்ஸுக்குத்தான் இருக்கவேணும், நீங்கள் றிலீஸை வச்சு எடுத்திருக்கிறியள். கரன்ற்றுக்குப் போறதெண்டால் ஸ்னாப்ஷொட் (கரன்ற்றில இருந்து கொம்பைல் பண்ணி வச்ச கொப்பி) இறக்கவேணும், சிஸ்அப்கிறேட் கமாண்டுக்கு எஸ் ஒப்ஷன் குடுத்தால் தானே இறக்கி ஏத்தும், ஆனா சில நூறு எம்பி போகும். இரவு டேட்டா இருந்தால் இரவில போடுங்கோ, இல்லாட்டி கம்பஸ் வைஃபையில. முழு சிஸ்டத்தையும் கொம்பைல் பண்ணத் தேவையே இல்லை, அந்த டூல் கிடக்கிற டிறெக்டரிக்குள்ள போய் மேக் அடிச்சால் காணும், பழைய லப்டொப்பிலயும் நிமிசக் கணக்கில முடியும். கரண்ட் திடீரெண்டு போனால் அடுத்த பூட்ல எஃப்எஸ்சிகே ஓடி டிஸ்கை செக் பண்ணும், அது முடியுமட்டும் பொறுங்கோ, இடையில பவர் பட்டனை அமத்தாதேங்கோ. உங்கட டிஃப்பை எப்பவும் பென் டிரைவ்ல ஒரு கொப்பி வையுங்கோ.

நேரத்தைப் பத்தி: ஓபன்பிஎஸ்டி ஆறு மாசத்துக்கு ஒருக்கா றிலீஸ் விடும், வழமையா ஏப்ரல் மே பக்கமும் ஒக்ரோபர் நவம்பர் பக்கமும். அதுக்கு முன்னால கொஞ்சக் காலம் சோர்ஸ் மரத்தைப் பூட்டி வைப்பினம், அந்த நேரம் அவசரமான பிழையளைத் தவிர வேற ஒண்டும் உள்ள போகாது. உங்கட மெயில் அப்பிடியான நேரத்திலதான் போயிருக்குது. இப்ப திருத்தின டிஃப்போட அதே திறெட்லயே பதிலாப் போடுங்கோ, புது மெயில் தொடங்காதேங்கோ. பிறகும் சத்தமில்லையெண்டால் ரெண்டு கிழமை விட்டு ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ, டிஃப்பைத் திருப்பியும் உள்ள வச்சு. ரெண்டு நாளுக்கு ஒருக்கா கேட்டால் எரிச்சல்படுவினம்.

நீங்கள் கேக்காத ஒண்டையும் சொல்லுறன், எனக்கு இது உங்கட டிஃப்பை விட முக்கியமாப் படுகுது. நீங்களும் றிவியூ பண்ணலாம். கொமிற் பண்ணுற உரிமை இருக்கிற ஆக்கள்தான் றிவியூ பண்ணலாமெண்டு ஒரு சட்டமும் இல்லை. லிஸ்ற்ல "இதை டெஸ்ற் பண்ணிச் சொல்லுங்கோ" எண்டு டெவலப்பர்மாரே டிஃப் போடுவினம், வைஃபை டிரைவர், லப்டொப் ஸ்லீப் சம்பந்தமான கேர்னல் (சிஸ்டத்தின்ர மையப் பகுதி) மாற்றம், இப்பிடி. எங்கட கடையளில வாற செக்கண்ட்ஹாண்ட் லப்டொப்புக்குள்ள இருக்கிற பழைய வைஃபை சிப் அந்த டெவலப்பரிட்ட இருக்காது. அதில ஏத்தி ஓடவிட்டு, வேலை செய்யுது எண்டு ஒரு வரியோட நிப்பாட்டாமல், என்ன செய்து பாத்தனீங்கள், எவ்வளவு நேரம் ஓடினது, டிஎம்எஸ்ஜி (கேர்னல் எழுதுற குறிப்புகளைக் காட்டுற கமாண்ட்) அவுட்புட் என்ன எண்டதோட அனுப்பினால் அவருக்கு அது பெரிய உதவி. லினக்ஸ் கேர்னல்ல இப்பிடி டெஸ்ற் பண்ணின ஆளின்ர பேர் "டெஸ்டட் பை" எண்டு கொமிற்றிலயே ஏறும். ஃப்ரீபிஎஸ்டி எண்ட இன்னொரு சிஸ்டத்தின்ர சோர்ஸ் 2020 டிசம்பர்ல கிட் எண்ட புது கோட் சேமிப்பு முறைக்கு மாறினது, றிவியூ ஃபப்ரிக்கேற்றர் எண்ட வெப் இடத்தில நடக்குது, அங்க வரிக்கு வரி கேள்வி கேக்கலாம், டாப் பிரச்சினையும் இல்லை. மெயில் சரிவராதெண்டால் அங்க தொடங்கினாலும் நல்லது.

மற்றாக்களின்ர டிஃப்பை வாசிக்கேக்க எனக்குப் பிடிச்ச இடம் பிழை வாற பாதை. ஃபங்ஷன் நடுவில எரர் வந்து திரும்பிப் போகேக்க முதல் எடுத்த மெமரியை விட்டுதோ, திறந்த ஃபைலை மூடினதோ. எல்லாரும் சரியா ஓடுற பாதையைத்தான் டெஸ்ற் பண்ணுவினம், மற்றப் பாதையை ஆராவது ஒராள் கண்ணால வாசிச்சால்தான் பிழை பிடிபடும். அதோட, ஒப்ஷன் மாறினால் மான் பேஜும் அதே டிஃப்பில மாறியிருக்குதோ எண்டு பாருங்கோ, அடிக்கடி மறக்கிறது அதைத்தான், அதைச் சொல்லுறதுக்கு சி மொழி கரைச்சுக் குடிச்சிருக்கத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலயும் இதில ஆர்வமான பிள்ளையள் இருக்கினம், உங்களோட நாலு பேர் சேர்ந்தால் ஒராள் எழுதுறதை மற்றாள் லிஸ்ற்றுக்குப் போகமுதல் வாசிக்கலாம்.

இப்ப செய்யவேண்டியது: ஸ்னாப்ஷொட் ஏத்துங்கோ, இடைவெளித் திருத்தத்தை எல்லாம் எடுத்துவிடுங்கோ, உச்ச எல்லையை மாத்துங்கோ, 010 விசயத்தை மான் பேஜோட ஒத்துப் பாத்து என்ன செய்யிறதெண்டு முடிவெடுத்து மெயில்ல எழுதுங்கோ. லிஸ்ற்றுக்கு அனுப்பமுதல் எனக்கு ஒருக்கா அனுப்பினால் ஏத்திப் பாத்துச் சொல்லுறன்.