துரைசாணி கோட்டும் அம்மாவின் கோபமும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கோத்தகிரி பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வளர்ந்தவள் நான், வயது 42. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இலங்கையில் நுவரெலியா பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். 1971இல் தலைமன்னாரில் கப்பலேறி, இலங்கையிலிருந்து திரும்புகிறவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாகக் குடும்பத்தோடு இங்கே வந்தார். அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது.

அம்மாயி காலமான பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. பெண்கள் போடும் பழங்காலத்துக் கோட்டு. பழுப்பு நிறம், உள்ளே சாட்டின் துணி, சிப்பிப் பொத்தான்கள். ஒன்று மட்டும் சாதாரணச் சட்டைப் பொத்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, சீமைக்குப் போகும்போது கொடுத்ததாம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘விண்டேஜ்’ என்று குதித்தாள். போட்டுப் படமும் எடுத்தாள். அம்மா அதைப் பிடுங்கி, “அடுப்புல போடு” என்று கத்தினார். அன்றிலிருந்து பேத்தியோடு பேச்சில்லை, சரியான தூக்கமும் இல்லை. ஒரு பழைய கோட்டுக்கு இவ்வளவா? நான் யார் பக்கம் நிற்பது?

– கோத்தகிரி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

யார் பக்கமும் நிற்க வேண்டாம். மகள் கண்ணில் அது அழகான கோட்டு; அம்மாவுக்கு அது இன்னொருத்தி போட்டுக் கழித்த துணியாக இருக்கலாம்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தமா புரியும்? லயமும் (தோட்டத்து வரிசை வீடு) பள்ளியும் கூட்டாளிகளும் ஒரேயடியாகப் போனதுதான் புரியும். வந்த இடத்திலோ ‘சிலோன்காரங்க’ என்ற பெயர். மலைக் குளிருக்கு அம்மாயி போட்டுக்கொண்டதும் இரவல் கோட்டு என்றால், யாராவது சொல்லிக்காட்டியிருப்பார்கள். இது என் ஊகம்தான். உண்மை அம்மாவிடம் இருக்கிறது.

“ஏம்மா கோபம்?” என்று நேராகக் கேட்டால் பதில் வராது. பொருளைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஒற்றைச் சட்டைப் பொத்தானைத் தைத்தது யார்? பாஸ்போர்ட் படத்தில் அம்மாயி என்ன உடுத்தியிருந்தார்? முகாமில் கொடுத்த குடும்ப அட்டை எங்கே? வெயில் அடிக்கும் காலையில் கோட்டை உதறிக் காயப்போடும் சாக்கில் பேச்சுக் கொடுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். திறக்காவிட்டால், சரி, இன்னொரு நாள்.

அம்மா என்ன சொன்னாலும் இப்போதைக்கு அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எரித்ததைத் திரும்ப வாங்க முடியாது. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், நம் மலை ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். நன்றாக உலர்த்தி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, அம்மா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

மகளை “மன்னிப்புக் கேள்” என்று விரட்டாதீர்கள். யாரும் சொல்லாத கதை அவளுக்கு எப்படித் தெரியும்? படத்தை இணையத்தில் போட்டிருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அம்மா விருப்பம். கோட்டை அவள் போடலாமா என்பதும் அப்படித்தான்.

அம்மாவுக்குத் தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அவர் மறுத்தால் நீங்களாவது பேசுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி நீங்களும் களைத்துத்தான் போயிருப்பீர்கள்.