வாசகர் கேள்வி: கண்மாயில் கிடைத்த தாழியும் ஊராரின் பங்கும்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் மண் அள்ளியபோது கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளும், ஒரு பெரிய தாழியின் வாய்விளிம்பும் வெளிப்பட்டன. தாங்களே தோண்டிப் பார்க்கலாம் என்று ஊர் இளைஞர்கள் ஆர்வத்தோடு இருக்கிறார்கள். தொல்லியல் படிக்காத எங்களுக்கு இந்த ஆய்வில் இடம் உண்டா?
(வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: தோண்டுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் உங்களுக்கு இடம் உண்டு. உங்கள் மாவட்டத்துக் கீழடியே அதற்குச் சான்று. 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களைக் காப்பாற்றி, தொல்லியல் துறையின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பாலசுப்பிரமணியம். மத்திய தொல்லியல் துறை வைகைக் கரை நெடுகக் கள ஆய்வு செய்து, 293 இடங்களை அடையாளம் கண்டு, கீழடியில் அகழாய்வைத் தொடங்கியதோ 2015ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் அந்த மேடு வீட்டுமனையாகாமல் தென்னந்தோப்பாகவே நிலைத்திருந்தது. பிறகு ஆய்வுக்கு நிலம் தந்த உரிமையாளர்களின் பங்கைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

தோண்ட வேண்டாம் என்று சொல்வதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. மாநிலத் தொல்லியல் துறையே உரிய அனுமதி பெற்றுத்தான் அகழாய்வு செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமானது, மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் அதை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது என்பதே. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 அளவைச் சேர்ந்தது என்று 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்ல முடிந்ததற்கு, அந்த ஆழமும் அடுக்கும் பிழையின்றிப் பதிவாகியிருந்ததே அடிப்படை. ஆர்வத்தில் பிடுங்கி எடுத்த தாழி அழகாக இருக்கலாம். அதன் காலத்தை உறுதியாகச் சொல்ல உதவும் சான்றுகள் குழியிலேயே அழிந்துபோயிருக்கும்.

ஆகவே முதலில் அந்த இடத்தில் மண் அள்ளுவதை நிறுத்தச் செய்யுங்கள். தாழியின் விளிம்பு தெரிகிற நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து, வடக்குத் திசையைக் குறித்துப் படம் எடுங்கள். கைபேசி வரைபடம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்பதையும், அங்குள்ள மண்ணின் நிறத்தையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட ஓடுகளைக் கழுவ வேண்டாம். உட்புறம் ஒட்டியிருக்கும் கரியும் தானிய உமியும் ஆய்வுக்குரியவை. அவற்றின் தோள்பகுதியில் கீறல் குறியீடு தென்பட்டால் அதைச் சாக்பீஸால் நிரப்பிப் படம் எடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். கோடுகள் தாமே துலங்கும்.

கேள்வி: பயிற்சி இல்லாதவர்கள் தரும் தகவலை ஆய்வாளர்கள் நம்புவார்களா?

பதில்: சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தால் நம்புவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பொதுமக்கள் கண்டெடுக்கும் பொருள்களைப் பார்த்துப் பதிவு செய்வதற்கென்றே வட்டாரந்தோறும் அலுவலர்கள் இருக்கிறார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. ஸ்காட்லாந்தில் 2012 முதல் 2016 வரை, கடல் அரிப்பால் அழியும் தொல்லிடங்களைத் தன்னார்வலர்கள் நேரில் சென்று பார்த்து, பழைய பதிவுகளைத் திருத்தினார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் கரையைப் பார்க்கக்கூடியவர் அங்கு வாழ்பவர்தான் என்பதால், இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்தது கருணையால் அன்று, தேவையால். நம் கண்மாய்களுக்கும் இது முழுக்கப் பொருந்தும்.

கேள்வி: பொருள்களை எங்கள் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தெரிவிக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் படங்களோடு கடிதம் அனுப்பி, நகலுக்கு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கண்டெடுத்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்றும், ஆய்வு முடிவை ஊர் மக்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் தயங்காமல் கேளுங்கள். தகவல் தந்த ஊருக்கே முடிவு தெரியாமல் போவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.