வாசகர் கேட்டவை: இரண்டு பணம், ஒரு சத்திரம்

கேள்வி: ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ போகிறது. மற்றவர்களைப் போல எனக்குக் கண்ணீர் வருவதில்லை. ‘முழு இருதயத்தோடும் தேவனிடத்தில் அன்புகூரு’ என்ற கட்டளையை நான் மீறுகிறேனா? (வாசகி, நாசரேத்)

கண்ணீர் வராததற்காகக் கலங்க வேண்டாம். நாம் இருதயம் என்றால் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். எபிரெயர்களுக்கு அது யோசிக்கிற, முடிவெடுக்கிற இடமும்கூட. உபாகமம் 6:5-இல் இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்று சொற்கள்தான் உண்டு. மாற்கு 12:30-இல் நான்காவதாக ‘மனது’ சேர்கிறது. ‘பலம்’ என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் ‘மெஓத்’. மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘மிகவும்’ என்று பொருள்படும் சொல் அது. பழைய அரமேயிக் மொழிபெயர்ப்பு அதை ‘உன் சொத்து’ என்றே எழுதிவிட்டது. ஆகவே, உங்கள் கண்ணைப் பார்க்கும் முன் மாதக் கணக்கு நோட்டைப் பாருங்கள்.

மனம் அலைவதற்கு ஒரு வழி: முதலில் பத்தே நிமிடம். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது மனம் அவ்வளவு எளிதில் ஓடாது. பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். ‘கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யணும்’ என்று நினைவு வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள். முந்தின நாள் சந்தித்த மூன்று பேரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். விடிய நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்களில் பலர் ஒரு வாரம்கூடத் தாண்டுவதில்லை. பிறகு குற்றவுணர்ச்சியில் பத்து நிமிடமும் போய்விடுகிறது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் மாதாமாதம் கடன் கேட்கிறார். திருப்பித் தருவதில்லை. கொடுக்காவிட்டால் அன்பு இல்லாதவனா? (வாசகர், பாளையங்கோட்டை)

லூக்கா 10-இல் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை, கள்ளர் அடித்துப் போட்டவனுக்கு ஒரு வழிப்போக்கன் செய்த வேலைகளின் பட்டியலாக ஒருமுறை வாசியுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். அடிபட்டவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனும் அந்த வழியே ‘இறங்கிப்’ போனான் என்கிறது வசனம். அதாவது தேவாலயம் இருக்கும் எருசலேமை விட்டு வந்துகொண்டிருக்கிறான். தொட்டால் தேவாலயப் பணிக்குத் தீட்டாகிவிடும் என்று அவனுக்காக நாம் தேடித் தரும் சாக்கு அவ்வளவாக ஒட்டாது.

சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், இராத்திரி கூட இருந்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20:2-இன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஆக இரண்டு நாள் கூலி. அதையும் காயப்பட்டவன் கையில் தராமல் சத்திரக்காரன் கையில் தந்தான். அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பிறகு தன் பயணத்தைப் போனான். அன்பு இருந்தது, அளவும் இருந்தது, இன்னொருவர் கையும் இருந்தது, திரும்பி வருவேன் என்ற வாக்கும் இருந்தது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் ‘எதற்கு?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியிலேயே கட்டுங்கள். மருந்து என்றால் சீட்டை வாங்கிப்போய் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் அரிசி, பருப்பு, எண்ணெய் போதும். கந்துவட்டி என்றால் காசு கொடுத்துப் பயனில்லை. இந்த மாதம் அடைத்த ஓட்டை அடுத்த மாதம் பெரிதாகும். ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பணமாகத் தருவதென்றால் திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் சண்டை வராத தொகையை மட்டும் தாருங்கள், அதை அப்போதே தானமாக நினைத்துவிடுங்கள். கடன் என்று சொல்லித் தந்துவிட்டு, தெருவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மோசமான வழி. ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். படுத்திருக்கும் படுக்கையும் போகும் என்று நீதிமொழிகள் 22:26-27 எச்சரிக்கிறது.

கேள்வி: நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சே இல்லை. திருவிருந்தில் பங்கெடுக்கலாமா? (பெயர் வேண்டாம் என்றவர், தூத்துக்குடி)

முதலில் போய்ப் பேசுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வார்த்தையை (மத்தேயு 5:23-24) கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. நடந்து போய்த் திரும்பப் பல நாள் ஆகும். உங்கள் அண்ணன் வீடு அவ்வளவு தூரமா?

திருவிருந்து ஞாயிறு காலையில் அவசரமாகப் போகாதீர்கள். முந்தின வாரத்தில் ஒரு மாலை, தனியாக. வாட்ஸ்அப் வேண்டாம், சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். உங்கள் பக்கத்துத் தவறை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “அன்னைக்குப் பிள்ளைங்க முன்னாடி உங்களை அப்படிப் பேசினது தப்பு, அண்ணே.” அதற்கடுத்து ‘ஆனா நீங்களும்…’ என்று ஆரம்பித்தால் வந்த காரியம் கெட்டது. பத்திரம், பட்டா, அளவுக்கல் எல்லாவற்றுக்கும் வேறொரு நாள் இருக்கட்டும். மன்னிப்பு கேட்பதால் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. அவர் கதவைத் திறக்காவிட்டால்? ‘உங்களாலானமட்டும்’ என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. ஆயரிடம் சொல்லிவிட்டுப் பங்கெடுங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் போங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா வேறு மதம். படுக்கையில் இருக்கிறார். போய் ஜெபிக்கலாமா? (வாசகி, திருச்சி)

போங்கள், ஆனால் கஞ்சியோடு போங்கள். உப்புச் சேர்க்கலாமா, சர்க்கரை நோய் உண்டா என்று அவர் மகளிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், கட்டிலில் உட்காராதீர்கள். “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?” என்று கேட்டு, சரி என்றால் நான்கு வரியில் முடியுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள். எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் வேண்டாம். உங்கள் பேச்சைவிட அந்த வீட்டில் அதிகம் தேவைப்படுவது அந்த மகளுக்கு ஒரு இரவுத் தூக்கம். “இன்னைக்கு ராத்திரி நான் கூட இருக்கேன், நீ போய்ப் படும்மா” என்று சொல்ல முடியுமானால் சொல்லுங்கள்.