மருந்து அடித்த பிறகும் அசுவினி பெருகுவது ஏன்?

கேள்வி: தட்டைப்பயறு விதைத்து 35 நாள் ஆகிறது. கொழுந்தெல்லாம் கறுப்பு அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) மொய்த்ததால் பூச்சிக்கொல்லி தெளித்தேன். நான்கு நாள் செடி சுத்தமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் முன்பைவிட அதிகம். தெளிப்பதற்கு முன் அசுவினிக் கூட்டத்தில் எறும்புகளும், முதலை வடிவில் முள் முள்ளாக ஒரு கறுப்புப் புழுவும் இருந்தன. இவையும் பயிரைத் தின்பவைதானா? மருந்தின் அளவைக் கூட்டி மறுபடி அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். அளவைக் கூட்டவே வேண்டாம். நீங்கள் பார்த்த முள் புழு, பொறிவண்டின் இளம் பருவம். அது இலையைக் கடிப்பதில்லை. ஒரு நாளைக்குப் பல பத்து அசுவினிகளைத் தின்னும். பொறிவண்டை அடையாளம் தெரிந்தவர்கள்கூட அதன் புழுவைப் பயிர்த் தின்னி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அசுவினிகளில் ஒரு சில எப்படியும் மருந்துக்குத் தப்பும். இலை மடிப்பில் இருந்தவை, பக்கத்து வயலிலிருந்து பறந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமான பருவத்தில் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் இடாது. நேரடியாகக் குஞ்சுகளை ஈனும். பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக் கரு வளரத் தொடங்கியிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவும் ஈனத் தொடங்கிவிடும். ஒன்று 50 குஞ்சு ஈன்று அத்தனையும் பிழைத்தால், பேத்திகள் 2,500, கொள்ளுப் பேத்திகள் 1,25,000. வயலில் இந்தக் கணக்கு முழுதாக நடப்பதில்லை என்றால், தின்பதற்கு ஆள் இருப்பதுதான் முதல் காரணம்.

அந்த ஆளைத்தான் மருந்து அழித்துவிட்டது. பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அதுவும் உணவு கண்ட இடத்தில்தான் முட்டையிடும். அசுவினி இல்லாத செடியில் தங்காமல் பறந்துவிடும். ஆக, இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் வெட்டினால் முதலில் எழுவது அசுவினி. வேட்டையாடும் பூச்சி வந்து சேர்வதற்குள் கொழுந்து சுருண்டுவிடும். கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் இது பெரிய அளவில் நடந்தது. 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு அங்கே செதில் பூச்சியை (அசுவினி போலவே சாறு உறிஞ்சும் பூச்சி) அடக்கி வைத்திருந்தது. 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்ததும் வண்டு மடிந்தது, செதில் பூச்சி திரும்பி வந்தது.

எறும்பின் கதை வேறு. அசுவினி சாறு உறிஞ்சி இனிப்பான நீரைக் கழிக்கிறது. எறும்புக்கு அதுவே உணவு. அதற்காக அசுவினிக்குக் காவல் நின்று, பொறிவண்டையும் அதன் புழுவையும் கடித்து விரட்டும். எறும்பு நெருக்கமாக ஏறும் செடிகளில் பொறிவண்டு குறைவாகவே இருக்கும், பாருங்கள். அதற்காக எறும்புப் புற்றுகளுக்கெல்லாம் விஷம் வைக்க வேண்டியதில்லை. எறும்பு வேறு பூச்சிகளின் முட்டையையும் புழுவையும் தூக்கிச் செல்லும். அசுவினி குறைந்தால் எறும்பின் வருகையும் தானாகக் குறைந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: அதிகம் மொய்த்த கொழுந்துகளை மட்டும் கிள்ளி, பையில் போட்டு வயலுக்கு வெளியே அழியுங்கள். கிள்ளும் முன் முள் புழுவோ, இலையடியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் முட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கொழுந்தை விட்டுவிடுங்கள். மற்றச் செடிகளில் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலக்கி, மாலையில், மொய்த்த இடத்தில் மட்டும் இலையடி நனையத் தெளியுங்கள். முழு வயலுக்கும் வேண்டாம். அங்கங்கே கொஞ்சம் அசுவினி மிஞ்சட்டும். அது இருந்தால்தான் பொறிவண்டு தங்கும். தழைச்சத்து உரத்தையும் இப்போது நிறுத்தி வையுங்கள். கொழுத்த இளந்தளிரில் அசுவினி இன்னும் வேகமாகப் பெருகும்.

ஐந்து நாள் கழித்து, வயலின் நாலா பக்கமும் நடுவிலுமாகப் பத்துச் செடிகளைப் பாருங்கள். உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிகள் தென்பட்டால் மகிழ்ச்சி அடையலாம். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டையிட்டதால் அவை அப்படி ஆகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குளவி வெளியே வரும். மாறாக, சிறகு முளைத்த அசுவினி அதிகமாகத் தெரிந்தால் கூட்டம் நெருக்கடியாகி வேறு செடி தேடிக் கிளம்புகிறது என்று பொருள். அசுவினி தேமல் நோயையும் பரப்பும். ஆகவே இலையில் வெளிர் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக மாறி, செடியும் குட்டையாகியிருந்தால் அந்தச் செடிகளை அன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.