தம்பியின் ஆட்கொணர்வு மனு: கெடு ஒரு வருடம் இல்லை

கேள்வி: என் தம்பி டெக்சாஸ் மாநிலச் சிறையில் 20 வருடத் தண்டனையில் இருக்கிறான். அவனுக்காகச் சாட்சி சொல்லக் காத்திருந்தவரை விசாரணையில் அவனுடைய வக்கீல் கூப்பிடவே இல்லை. மாநில மேல்முறையீடு 2024 மார்ச் 20-ல் முடிந்தது. இதே காரணத்தைச் சொல்லி 2025 பிப்ரவரி 18-ல் மாநிலத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம். தள்ளுபடி என்று போன வாரம் தபால் அட்டை வந்தது. பெடரல் கோர்ட்டுக்குப் போக இனி ஒரு வருடம் இருக்கிறதாமே?

பதில்: இல்லை சகோதரி. சுமார் நான்கு மாதம்தான் இருக்கிறது. அதிலும் சில நாட்கள் போய்விட்டன.

நம் ஊரில் ஆட்கொணர்வு மனு என்றதும் காணாமல் போனவர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில், மாநிலம் கொடுத்த தண்டனை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று பெடரல் கோர்ட்டில் முறையிடும் வழியும் அதுதான். 1996-ல் வந்த சட்டம் அதற்கு ஒரு வருடக் கெடு வைத்தது.

நாட்களை எண்ணிப் பாருங்கள். மார்ச் 20-க்குப் பிறகு உச்ச நீதிமன்றம் போக 90 நாள் உண்டு. நீங்கள் போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஜூன் 18-ல் தீர்ப்பு இறுதியாகிவிட்டது, கெடு ஓடத் தொடங்கிவிட்டது. மாநில மனு போடும்போதே 245 நாள் தீர்ந்துவிட்டது. மனு நிலுவையில் இருந்தவரை கெடு நின்றது. தள்ளுபடியான அன்றே மீதி 120 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த முறை அந்த 90 நாள் கிடையாது. 2007-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. அட்டை உங்கள் கைக்கு வந்த நாளை விடுங்கள், அதில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

மாநிலத்தில் சொல்லாத குறையை பெடரல் கோர்ட்டில் புதிதாகக் கிளப்புவது மிகக் கடினம். சொன்ன குறையிலும், மாநில கோர்ட் தவறு செய்தது என்றால் போதாது. நியாயமான எந்த நீதிபதியும் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார் என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். காரணமே எழுதாமல் தள்ளுபடி செய்திருந்தாலும் இதுதான் நிலை. ஜெயிப்பவர்கள் குறைவு, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை மாநில மனுவோடு சேர்த்திருந்தால் உங்களுக்கு வாதம் இருக்கிறது. அப்புறம், பெடரல் கோர்ட்டில் இரண்டாவது மனு போட மேல்முறையீட்டு கோர்ட்டின் அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. எல்லாவற்றையும் இதிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் 5 டாலர்தான். வக்கீல் அமையாவிட்டால் தம்பியே எழுதட்டும். சிறைத் தபாலில் கொடுத்த தேதியை மனுவிலேயே எழுதி உறுதிமொழியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கோர்ட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் அந்தத் தேதிதான் கணக்கு.